பேட்டரிக்குக் குளிரும்

ஊட்டிக்கு மேலே புல்வெளியெங்கும் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்த காலையில், கேரட் தோட்டத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ராக்கம்மாவைக் கேமராவோடு வந்த பவித்ரன் நிறுத்தினான். "அக்கா, பனியில ஒரு படம். அந்த ஸ்வெட்டரை மட்டும் கழட்டிடுங்க. வெறும் சேலையில நின்னாத்தான் குளிர் படத்துல தெரியும்." மறுக்கத் தெரியாமல் அவள் கழற்றி அவன் மனைவி நிரஞ்சனாவிடம் கொடுத்தாள். ஸ்வெட்டரில் அந்த உடம்பின் சூடு இன்னும் இருந்தது. அதைப் பிடித்திருக்கவே நிரஞ்சனாவுக்குக் கூசியது. "கையைக் கட்டிக்காதீங்க அக்கா. ஆங், அந்த நடுக்கம் அப்படியே இருக்கட்டும்." வெயில் மரங்களுக்கு மேலே வரும்வரை பத்து நிமிடம் நிற்க வைத்தான். ராக்கம்மாவின் உதடு கருத்துவிட்டது. அதற்குள் கேமரா அணைந்துபோக, பேட்டரியைக் கழற்றி மனைவியிடம் நீட்டினான். "குளிர்ல செத்துப்போச்சு. அந்த ஸ்வெட்டருக்குள்ள சுத்தி வை, சூடு பட்டா உயிர் வந்துரும்." நிரஞ்சனா பேட்டரியை வாங்காமல் நேராக நடந்துபோய் ராக்கம்மாவுக்கு ஸ்வெட்டரை மாட்டிவிட்டு, ஒவ்வொரு பட்டனாகப் போட்டாள். "ஏய், புல்லை மிதிக்காத, பனி கலைஞ்சுரும்!" என்று பின்னாலிருந்து அவன் கத்தினான். "சாரு கோவிச்சுக்குவாரும்மா" என்றாள் ராக்கம்மா, பல் கிட்டிக்க. "கோவிச்சுக்கட்டும். தோட்டம் எந்தப் பக்கம்?" என்று கேட்டு அவளோடு நடந்தாள் நிரஞ்சனா. வளைவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பவித்ரன் மண்டியிட்டு, பேட்டரியை இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் பொத்திவைத்து மெல்ல, மிக மெல்ல ஊதிக்கொண்டிருந்தான். அந்தப் பரிவைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.