பேதுருவை அழவைத்த சேவல்

“இயேசுவை எனக்குத் தெரியாது” என்று அவருடைய சீடர் பேதுரு மறுதலித்தபோது, இயேசு முன்பே சொல்லியிருந்தபடி கூவியது இந்தச் சேவல்தான். பேதுரு மனங்கசந்து அழுதுகொண்டே வெளியே போனார். அன்றிலிருந்து முற்றத்துக் கோழிகள் சேவலோடு பேசுவதில்லை. அதுவும் தினம் கூவிவிட்டு, அவர் திரும்பி வருவாரென்று வாசலையே பார்த்திருந்தது.

வெளியூர் போய்வந்த கழுதை ஒருநாள் சொன்னது: “அண்ணே, பேதுருவைப் பார்த்தேன். இப்போ பெரிய ஊழியக்காரர். ஆனா சேவல் சத்தம் கேட்டா இன்னும் அழுதுடுறார்.”

சேவலின் கொண்டை நிமிர்ந்தது. “பார்த்தியா, அவர் என்னை மறக்கலை!”

“உன்னையா? அந்த ஊர்ல எத்தனையோ சேவல் இருக்கு. எது கூவினாலும் அழுறார்.”

“எது கூவினாலுமா?”

“ஆமாண்ணே.”

மறுநாள் சேவல் கூவவில்லை. பொழுது வழக்கம்போல விடிந்தது.