வெள்ளைக் கட்டம்

பயண அலுவலகத்தின் கண்ணாடி மேசைமேல் சொகுசுக் கப்பலின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. அதன்மேல் குனிந்திருக்கும் மனைவியின் விரல், அடித்தளத்தில் சிவப்புக் குறி போட்ட மருத்துவ அறையை விட்டு நகர மறுக்கிறது. "இதுக்குப் பக்கத்துலயே ஒரு ரூம் குடும்மா." "அங்க ஜன்னலே கிடையாது மேடம், கடல் தெரியாது," என்கிறாள் டிக்கெட் போடும் பெண். "நான் பாக்காத கடலா?" என்று இருமலோடு சிரிக்கிறார் கணவர். முப்பது வருஷம் கப்பல்களில் குளிர்சாதன மெக்கானிக்காக இருந்தவர். மூக்கில் செருகிய ஆக்சிஜன் குழாய் மெல்லச் சீறுகிறது. "ஆனா அதுக்கு அடுத்தாப்ல, பேர் எழுதாம ஒரு வெள்ளைக் கட்டம் இருக்கு பாரு." பெண் அவசரமாகப் பேனாவை அதன்மேல் வைக்கிறாள். "அது ஸ்டோர் ரூம் சார்." "எனக்கே காது குத்துறியாம்மா? வழியில செத்தவங்களக் கரை சேர்ற வரைக்கும் வைக்கிற குளிர் அறை அது. மோட்டார் நின்னா என்னத்தான் கூப்பிடுவாங்க. நல்ல வசதிதான், தூக்கிட்டுப் போக நாலே எட்டு." மனைவியின் விரல் சூடு பட்டதுபோல் விலகுகிறது. பிறகு தளம் தளமாக மேலே ஊர்ந்து, உச்சித் தளத்தின் கடைசி அறையில் போய் நிற்கிறது. "இதக் குடும்மா," என்கிறாள். "டாக்டர் வர நேரமானா ஆகட்டும்."