ஓடாத கிரைண்டர்

"வெளியில ஆட்டோ நிக்குது. சட்டுன்னு பாத்துக் குடு வே" என்று கிரைண்டரை மேசைமேல் வைத்தார் வேதநாயகம்.

டாலிகஞ்ச் சர்ச் ஹாலில் அன்று இலவச ரிப்பேர் முகாம். மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் நடக்கும். இந்த மாதம் இங்கே என்றால் அடுத்த மாதம் வேறு ஏரியாவில். வீட்டில் கெட்டுப்போன ஃபேன், மிக்சி, குக்கர் எதைக் கொண்டுவந்தாலும் வேலை தெரிந்த நாலு பேர் உட்கார்ந்து காசு வாங்காமல் சரிசெய்து தருவார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வெள்ளைச்சாமி. துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் வேதநாயகத்துக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம். வேதநாயகத்தின் படகு இன்ஜினை வெள்ளைச்சாமி பிரித்து மாட்டினார். மறுநாளே அது நடுக்கடலில் நின்றுவிட்டது. டீசலில் தண்ணீர் என்றார் இவர். வேலை தெரியாதவன் என்றார் அவர். இரண்டு பேருமே எதையும் மறக்கிற ஆள் இல்லை.

"மருமவளுக்காகத்தான் உன் முன்னால வந்து நிக்கேன். எனக்குன்னா வருவனா?" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார் வேதநாயகம்.

மருமகள் பிரிஸ்கில்லா அவர் பின்னால் நின்றாள். கணவன் ஜெரின் கடலில் இறந்துபோனபிறகு, மாமனார் வீட்டிலேயே இருந்து தோசை மாவு அரைத்துக் கடைகளுக்குப் போட்டு வந்தாள். பிள்ளையின் சாப்பாடும் படிப்பும் அதில்தான். கிரைண்டர் கெட்டதிலிருந்து எல்லாம் நின்றுவிட்டது. இந்த வாரமும் மாவு வராவிட்டால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வதாகக் கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளைச்சாமி முதலில் வாசலில் நின்ற ஆட்டோவைத்தான் பார்த்தார்.

"வீடு அடுத்த தெருவுலதானே பெரியவரே. ஆட்டோ எதுக்கு?"

"கனமா இருக்குல்லா. நீயா தூக்கிட்டு வரப்போற? அவ நடந்து வரட்டும், நான் இதைக் கொண்டு போயிருவேன்."

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

வெள்ளைச்சாமி அடியிலிருந்த திருகுகளைக் கழற்றினார். உள்ளே எதையோ மாற்றினார், துடைத்தார், மூடினார். மூலையிலிருந்த போர்டில் செருகி சுவிட்சைப் போட்டார்.

சத்தமே இல்லை.

"மோட்டார் கதம், செத்துப்போச்சு" என்றார். "தீவுல கிடைக்காது, கப்பல்ல மெயின்லேண்டுல இருந்து வரணும். இந்த மாடல் இப்ப வர்றதும் இல்ல."

பிரிஸ்கில்லா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வேதநாயகம் விடவில்லை. அன்றைக்கு இன்ஜினைக் கொன்றவன் இன்றைக்கு இதையும் கொன்றுவிட்டான் என்றார். சற்றுமுன் ஒரு பெங்காலி அம்மாளின் கிரைண்டர், இதைவிடப் பழசு, இதே மேசையில் ஓடவில்லையா என்று கேட்டார். ஹாலை ஒட்டிய வீட்டில் இருக்கும் சிசிலியாவுக்கும் பொறுக்கவில்லை. பழைய பகையைப் புருஷன் இல்லாத பெண்ணின் வயிற்றிலா காட்டுவது என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். மற்றவர்களும் முணுமுணுத்தார்கள்.

வெள்ளைச்சாமி அடுத்த ஆளின் டார்ச் லைட்டைக் கையில் எடுத்தார்.

"இவனெல்லாம் சேவை செய்ய வந்துட்டான்" என்று காறித் துப்பாத குறையாகச் சொன்னார் வேதநாயகம். கிரைண்டரைக் கபாடிக்காரனிடம் பழைய இரும்பாகப் போட்டுவிடும்படி மருமகளிடம் சொல்லிவிட்டு, அதே ஆட்டோவில் ஏறி ஷாதிபூருக்குப் போய்விட்டார். மகள் ஜோஸ்லினைக் கட்டிக்கொடுத்திருப்பது அங்கேதான்.

முகாம் முடிந்து கூட்டம் கலைந்தது. சிசிலியா ஹாலைப் பெருக்கத் தொடங்கினாள். பிரிஸ்கில்லா மட்டும் போகாமல் நின்றாள்.

"ஒரு வழியும் இல்லையாண்ணே?"

வெள்ளைச்சாமி எழுந்து, கிரைண்டரைத் தன் மேசைக்குப் பக்கத்து போர்டில் செருகினார். கல் சுற்றியது. புதுசு போல ஓடியது.

சிசிலியா விளக்குமாற்றோடு நின்றுவிட்டாள். "அப்ப அந்த மூலையில?"

"அந்த போர்டுல கரண்ட் வந்து வருஷமாச்சு" என்ற வெள்ளைச்சாமி, பிரிஸ்கில்லாவிடம் திரும்பினார். "இதை வீட்டுக்குக் கொண்டு போகாத தங்கச்சி. சிசிலியா வீட்டுல வச்சு அரைச்சுக்கோ. நான் பகையில செஞ்சதாவே இருக்கட்டும்."

"பாவம்ணே மாமா. எனக்காக உங்க முன்னால வந்து நின்னாரே. அவர்கிட்ட எதுக்குப் பொய்?"

வெள்ளைச்சாமி ஸ்க்ரூ டிரைவர்களைப் பையில் போட்டபடி கேட்டார்.

"முன்னால உனக்குச் சரிபண்ணிக் குடுத்தேனே, அந்த மிக்சி எங்க?"

"மறுபடியும் எரிஞ்சுபோச்சுன்னு மாமா கபாடிக்குப் போட்டுட்டார்."

"இஸ்திரிப் பெட்டி?"

"அதையும்தான்..." பிரிஸ்கில்லா பாதியில் நிறுத்தினாள்.

"போன மாசம் முகாம் ஷாதிபூர்ல. ரெண்டும் என் மேசைக்கே வந்துச்சு. திறந்து பாத்தா, உள்ள ஒயர்ல நான் போட்ட முடிச்சு அப்படியே இருக்கு. கொண்டு வந்தது ஜோஸ்லின். எங்க அப்பா வாங்கிக் குடுத்ததுன்னு பெருமையா சொல்லிச்சு."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அடுத்ததா ஒரு கிரைண்டர் வாங்கித் தர்றதாச் சொல்லியிருக்காராம்."