இந்த லீக் தெரியாதவர்

"இந்த லீக்ல உனக்கு என்ன அனுபவம் இருக்கு?"

கால்பந்து கிளப் முதலாளி மேஜையில் அடித்த அடியில் தேநீர்க் கோப்பை ஒரு துள்ளு துள்ளியது.

எதிரே கோச் நின்றுகொண்டிருந்தார். சேரும்போதே சொல்லிவிட்டார், கல்லூரிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்ததோடு சரி என்று. சம்பளம் குறைவாகக் கேட்டதால் அன்றைக்கு முதலாளிக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

நேற்றும் தோல்வி. பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம். இப்படியே போனால் கிளப் கீழ் லீகுக்கு இறங்கிவிடும். பழைய லாரிகளை வாங்கி விற்று, தொண்டைத் தண்ணீர் வற்றப் பேரம் பேசிச் சேர்த்ததைக் கொட்டி வாங்கிய கிளப்.

தோற்றதுகூடப் போகட்டும். 'சுவர்' என்று ஊரே கூப்பிடும் கோல்கீப்பரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஒரு கத்துக்குட்டியை அல்லவா இறக்கியிருக்கிறார்! சுவர் வேறு யாருமில்லை, முதலாளியின் தங்கை புருஷன். காலையிலிருந்து தங்கை போனில் அழுது தீர்த்துவிட்டாள்.

"சுவரை எதுக்கு வெளியில வச்ச?"

"அவர் ஆட்டம் எனக்குப் பிடிக்கலைங்க."

"பிடிக்கலையா? இது என்ன பொண்ணு பார்க்கிற வேலையா? காரணத்தைச் சொல்லு."

"அவ்வளவுதாங்க காரணம்."

முதலாளி இறங்கிக்கூட வந்து பார்த்தார். அடுத்த ஆட்டத்தில் சுவரை நிறுத்து, நடந்ததை மறந்துவிடலாம் என்றார். கோச் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். இதற்கு மேல் கத்த முதலாளிக்குத் தெம்பில்லை. இந்த சீசன் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டையும் போய், தூக்கமும் போய்விட்டது.

"சரி, கிளம்பு."

கோச் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அடுத்து வர்றவர்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கொஞ்ச நாளைக்கு சுவரை இறக்க வேண்டாம்."

போகிற போக்கிலும் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிட்டுப் போகிறான் பார் என்று நினைத்துக்கொண்டார் முதலாளி.

மறுநாள் சாயந்திரமே புது ஆள் வந்து இறங்கினார். பாதி ஆயுளை இந்த லீகின் கிளப்புகளில் கோச்சாகவே கழித்தவர். எல்லோரும் அவரை அனுபவஸ்தர் என்றே கூப்பிடுவார்கள். வாய்க்கு வந்த சம்பளத்தைக் கேட்டார். பிறந்ததிலிருந்து பேரம் பேசாமல் ஒரு துண்டுகூட வாங்காத முதலாளி, மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

"முதல் வேலை, சுவர் உள்ளே" என்றார் அனுபவஸ்தர்.

மைதானத்தில் பயிற்சி ஆரம்பமானது. கோலில் சுவர். அவருக்கு முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். இடது, இடது, மேலே வருது, அடிக்கப் போறான்!

"கேட்டீங்களா? இந்த டீமோட பலமே அதுதான். இப்படிப் பேசிப் பேசி ஆடற டிஃபன்ஸ் இந்த லீக்ல வேற எவன்கிட்டயும் கிடையாது. எத்தனை வருஷமா பார்க்கிறேன்" என்றார் அனுபவஸ்தர், பக்கத்தில் நின்ற முதலாளியிடம்.

முதலாளிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. போன ஆள் வந்த புதிதில், இவங்க ஏங்க இவ்வளவு கத்தறாங்க என்று கேட்டதும், கிளப்பே சிரித்ததும் ஞாபகம் வந்தது. கால்பந்து தெரிந்தவன் கேட்கிற கேள்வியா அது?

இடைவேளை விட்டார்கள். மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போக, சுவர் மட்டும் கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றார். முதலாளி அவருக்கு இடப்பக்கமாக நடந்து போனார். காலடியில் ஒரு பந்து கிடந்தது. மனசு லேசாக இருந்ததால் விளையாட்டாக அதை எடுத்து, சிரித்துக்கொண்டே மெதுவாக வீசினார். குழந்தைகூடப் பிடித்துவிடும்.

பந்து சுவரின் கன்னத்தில் பட்டுக் கீழே விழுந்தது. அவர் கை எழவே இல்லை. அதற்குப் பிறகுதான் தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, நின்னுக்கிட்டே தூங்கறீங்களா?"

சுவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இடது கண்ணு தெரியலை மச்சான். ரொம்ப நாளாவே."

முதலாளி அவர் பக்கத்தில் நெருங்கி வந்தார்.

சுவரே மெல்ல மெல்லச் சொன்னார். பார்த்த முதல் வாரமே போன கோச் கண்டுபிடித்துவிட்டாராம். டாக்டரிடம் கூட்டிப்போய் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்ததும் அவர்தானாம். கண் சரியானதும் உன் இடம் உனக்கு, அதுவரைக்கும் பழி என்மேல் இருக்கட்டும் என்றாராம். வேலை போன பிறகும் போன் செய்து, ஆபரேஷன் முடிகிறவரை வாயைத் திறக்காதே என்றாராம்.

"உங்க தங்கச்சிக்கே தெரியாது."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே மாப்ளே."

"உங்ககிட்டயா? அடிபட்ட வண்டியை அடிமாட்டு விலைக்குக்கூட எவனும் கேட்க மாட்டான்னு நீங்கதானே மச்சான் சொல்லுவீங்க."

தூரத்தில் அனுபவஸ்தர் விசில் ஊதினார். தடுப்பாட்டக்காரர்கள் அவரவர் இடத்துக்கு ஓடி வந்தார்கள். சுவர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"இவங்க எனக்குக் கண்ணா இருந்துதான் கத்தறாங்க மச்சான். எதுக்குக் கத்தறாங்கன்னு இத்தனை வருஷத்துல கேட்டது போன கோச் ஒருத்தர்தான். பாவம், இந்த லீக் தெரியாதவர்."