மைக்குக்குப் போட்ட கம்பளிக் குல்லா

"டீச்சர், இந்தவாட்டி கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுப் போட்டிக்கு நீங்க மேடையேற வேண்டாம். கீழ உக்காந்து கேளுங்க."

பிரைட்டன் எல்லார் முன்னாடியும் ஞானசுந்தரி டீச்சரப் பாத்து இப்படிச் சொன்னதும் எனக்கு டீ புரையேறிப் போச்சுங்க.

கோத்தகிரி பக்கத்துல அரவேணுங்க எங்க ஊரு. அங்க எங்க சர்ச்சுக் கொயருக்கு, அதான் பாட்டுக் குழுவுக்கு, பிரைட்டன்தான் லீடர். டீ பேக்டரியில சூப்பர்வைசர். அங்க ஆளுகள அதட்டற பழக்கத்துல இங்கயும் வந்து அதட்டுவான். அவனுக்குச் சின்ன வயசுல பாட்டுச் சொல்லிக்குடுத்ததே இந்த டீச்சர்தான்.

"ஏம்ப்பா?"ன்னு கேட்டேன். கொயர்ல எல்லாருக்கும் நான் அம்மிச்சி, பாட்டி மாதிரி.

"நாம பாடுன ரெக்கார்டிங்கக் கேட்டீங்கல்ல அம்மிச்சி? நடுவுல ஒரு குரல் தகரத்த இழுக்கற மாதிரி வருது. டீச்சருக்குத் தொண்டை ஆபரேஷன் ஆனதுல இருந்து இப்படித்தான். போன வருஷம் கப்பு போனதே அதுலதான்."

கப்பு போனது நெசந்தான். கோத்தகிரிக்காரங்க வாங்கிட்டு, திரும்பி வர்றப்ப அதே பஸ்சுல எங்க முன் சீட்டுல உக்காந்து, புள்ளையாட்டம் மடியில வெச்சுக் கொஞ்சிக்கிட்டே வந்தாங்க. அந்தக் கப்பு மூடி சரியா நிக்காது. வளைவுக்கு வளைவு உருண்டு என் காலுக்குத்தான் வந்துது. அத விடுங்க.

டீச்சர் பாட்டுக்கு மடியில நூல்கண்ட வெச்சுப் பின்னிட்டே இருந்தாங்க. எங்களுக்கு ஆளுக்கொரு மைக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு கலர்ல கழுத்து வரைக்கும் கம்பளிக் குல்லா இருக்கும். மூடுபனியில நனஞ்சு கரகரங்குதுன்னு டீச்சர் பின்னிக் குடுத்தது. ஒருக்கா காட்டெருமை ஒண்ணு ஜன்னல்ல தலைய விட்டு பச்சைக் குல்லாவ மட்டும் தின்னுட்டுப் போயிருச்சு. புல்லுன்னு நெனச்சிருக்கும், பாவம்.

"டீச்சர் குரல்தான்னு எப்படிங்க சொல்றீங்க?"ன்னா லிஜி. பிரைட்டனோட சம்சாரம்.

"இப்பக் காட்டறேன். மெஷின் பொய் சொல்லாது!"

லேப்டாப்பத் திறந்தான். எதோ சாப்ட்வேர் இறக்கியிருக்கானாம். ஸ்கிரீன் ரெண்டாப் பிரிஞ்சுது. மேல ஒரு பச்சைக் கோடு பாம்பாட்டம் நெளியுது. அது ஆசிலோஸ்கோப்பாம், சத்தத்தோட அலையக் காட்டுமாம். கீழ ஊசி ஊசியாக் கோபுரம். அது ஸ்பெக்ட்ரம் அனலைசராம், எந்தச் சுருதியில பாடறோம்னு பிரிச்சுக் காட்டுமாம். கீபோர்டு சுருதிக்கு ஒரு சிவப்புக் கோடு. நம்ம கோபுரம் அதுமேல நின்னா சரி, விலகுனா அபசுரம்.

எனக்கு ஈசிஜி எடுத்தப்பவும் இப்படித்தான், என் மூஞ்சிய யாருமே பாக்கலை, கோட்டையே பாத்தாங்க.

ஒவ்வொருத்தரா அவங்கவங்க மைக்குல "ஆ"ன்னோம். என் கோபுரம் கொஞ்சம் இடதுபக்கம் ஒதுங்கி நின்னுது. காலையில தின்ன வர்க்கி பிஸ்கட்டு தொண்டையில ஒட்டியிருக்குன்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பலை.

"நீங்க பாடலைங்களா?"ன்னு லிஜி புருசனக் கேட்டா.

"லீடருக்கு எதுக்குடி டெஸ்ட்டு? டீச்சர், நீங்க பாடுங்க."

டீச்சர் வாயத் திறந்தாங்க. பச்சைக் கோடு அசையாமப் படுத்துக் கெடந்துது. கோபுரமே இல்ல.

"பாடுங்க டீச்சர்!"

"பாடிட்டுத்தான் இருக்கேன் தம்பி."

லிஜி போயி அவங்க மைக்கோட நீலக் குல்லாவ உருவுனா. சுவிட்ச் ஆஃப்ல இருக்குது! யாரும் கை தவறி ஆன் பண்ணிரக் கூடாதுன்னு மேல பிளாஸ்திரி வேற. அழுக்கேறிக் கறுத்துப்போன பழைய பிளாஸ்திரி.

"இது எப்ப ஒட்டுனீங்க?"ன்னான் பிரைட்டன்.

"ஆபரேஷன் முடிஞ்சு வந்ததுமே. என் குரல் போனது எனக்குத் தெரியாதா?"

"அப்ப இத்தன வருஷமா எதுக்கு டீச்சர் நின்னீங்க?"

டீச்சர் சிரிச்சாங்க. "நிக்கப் பிடிக்கும் தம்பி."

"அப்ப அந்தத் தகரம் யாரு?"ன்னு கேட்டது நான்தான். என் வாய் சும்மா இருக்காதுங்க.

மறுபடி முழுப்பாட்டும் பாடுனோம். பிரைட்டன் கண்ண மூடிக் கைய ஆட்டி உருகி உருகிப் பாடறான். லிஜி லேப்டாப்புல ஒவ்வொரு மைக்காத் தட்டித் தட்டிப் பாத்தா. சிவப்புக் குல்லா மைக்குக்கு வந்ததும், கோபுரம் கோட்ட விட்டு எங்கயோ போயி நின்னு ஆடுது.

லிஜி என்னப் பாத்தா. நான் அவளப் பாத்தேன். சிவப்புக் குல்லா பிரைட்டனோடது.

படக்குன்னு லேப்டாப்ப மூடிட்டா.

"என்னாச்சுடி?"

"சார்ஜ் போயிருச்சுங்க."

பிரைட்டன் தாடையச் சொறிஞ்சான். "எனக்குத் தெரிஞ்சுபோச்சு! டீச்சர் குரல் பக்கத்து மைக்குல ஏறுது!"

"ஏறியிருக்கும் தம்பி"ன்னாங்க டீச்சர்.

"சரி, மேடையில நில்லுங்க, பாவம். ஆனா ஓரமா நிக்கோணும். வாயத் திறக்கக் கூடாது."

"சரி தம்பி."

வெளிய வந்ததும் லிஜி டீச்சர் கையப் பிடிச்சுக்கிட்டா.

"டீச்சர், அந்தப் பிளாஸ்திரி மிச்சமிருந்தாக் குடுங்க. அவருக்குத் தெரியாம அவரு மைக்குலயும் ஒட்டிடறேன்."

"வேண்டாம் லிஜி. என்னைக்காவது குல்லாவக் கழட்டிப் பாத்துட்டான்னா பாடறதையே விட்டுருவான். பாட்டுன்னா அவனுக்கு உசுரு. போட்டியில பிசிறடிச்சா என் பேரச் சொல்லிரு. அதுக்குத்தானே நான் நிக்கறேன்."