வால்நட்சத்திரத்துக்கு எந்த மொழி?

வால்நட்சத்திரம் ஏரியில் விழுமா, விலகிப் போகுமா என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்க ஆமை உட்கார்ந்தது. நிரலை எந்த மொழியில் எழுதுவது என்றுதான் அதற்குப் பிடிபடவில்லை. பைத்தானில் சட்டென்று எழுதிவிடலாம், ஆனால் மெதுவாக ஓடும். ஃபோர்ட்ரான் பறக்கும், ஆனால் கற்றுக்கொள்ள நாளாகும்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஈசல், "உங்களுக்கு எது தெரியும்ணே?" என்று கேட்டது.

"பைத்தான்."

"அப்போ அதுலயே எழுதுங்களேன். எனக்கும் பதில் தெரிஞ்சுக்கணும்."

"அவசரப்படாதே தம்பி. இதெல்லாம் நிதானமா முடிவு பண்ணணும்."

ஆமை நான்கு நாள் தலை நிமிராமல் இரண்டையும் ஒப்பிட்டுப் படித்தது. ஐந்தாம் நாள், பைத்தானே போதும் என்று தீர்மானித்து ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தது.

"விலகிப் போகுதுடா தம்பி!" என்று சந்தோஷமாகத் திரும்பியது.

அங்கே நாலு இறகுகள் மட்டும் கிடந்தன.