எஞ்சின் இல்லாத கப்பல்

ஜேர்மனியின் கீல் துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கும் பழைய நாசகாரிப் போர்க்கப்பலுக்கு பிரபாலினிதான் வழிகாட்டி. போர்க்காலத்தில் அட்லாண்டிக் கடலில் தத்தளித்த எவரையும் இந்தக் கப்பல் விட்டுவிட்டு வந்ததில்லை என்று பெருமையோடு சொல்லுவாள்.

எசன் நகரிலிருந்து கப்பலைப் பார்க்க வந்திருந்த தேவமலர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். “ஓம் பிள்ளை. எண்பத்தஞ்சிலை அகதியளா டென்மார்க்குக்குப் போகேக்கை எங்கட படகு கவிண்டது. இந்தக் கப்பல்தான் வந்து எங்களைத் தூக்கினது.”

“அன்ரி, எழுபத்தொன்பதிலையே இதின்ரை எஞ்சினைக் கழட்டிப்போட்டினம். அசையவே ஏலாது.”

“அதுதான், சத்தமே இல்லாமல் வந்தது.”

அன்றிலிருந்து கப்பலின் வரலாற்றில் அந்த மீட்பையும் சேர்த்தே பிரபாலினி சொன்னாள்.

ஒருநாள் காலை மேல்தளத்தில் ஈரமான வெறுங்கால் தடங்கள் கிடந்தன. பெரியவர்களுடையவை, குழந்தைகளுடையவை. எல்லாம் கடல் பக்கமிருந்து உள்ளே போயிருந்தன. துடைக்க வந்தவரைத் தடுத்துவிட்டு, அவள் அத்தனை பேருக்கும் தேத்தண்ணி வைக்கப் போனாள்.